கடைசி வரிக்குக் கீழே

ஜனவரி 8, 2019
மைனாட், வட டகோட்டா

வெர்லின்,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அலாஸ்காவில் நீ வேலை பார்க்கும் மீன் ஆலையின் தலைமை அலுவலகத்தைப் பிடித்துக் கேட்டேன். குளிர்காலக் காவலுக்கு அங்கே ஒரே ஆள்தான், இணையம் கிடையாது, வானிலை விட்டால் வாரம் ஒரு விமானம் தபால் கொண்டுபோகும் என்றார்கள். அதனால் கடிதம். ஆறு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தில் நலம் விசாரித்துத் தொடங்கினால் நீயே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய ட்ராக்டர் யார்டின் கணினி செத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து கடை திறந்த அன்று ட்வேய்ன்தான் அதை இயக்கினான். பேரிங் போன சக்கரம் மாதிரி ஒரு சத்தம். "முதலாளியம்மா, இதுக்கு எண்ணெய் விடணுமா?" என்று கேட்டான். டவுனில் ஒருத்தன் வன்வட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தகடு முழுக்கக் கீறல், ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டான்.

எனக்கு அறுபத்தேழு ஆகிறது. இடது இடுப்பை மாற்றச் சொல்கிறார்கள். யார்டை விற்கப்போகிறேன். வெல்வாவிலிருந்து ட்வீட்டன் என்று ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவள் கேரி, அவன் யோல். யோல் நிறையப் பேச மாட்டான், கேரிதான் பேசுவாள். "இரும்பு எங்க ஊர்லயும் கிடக்குதுங்க. எந்த ட்ராக்டரோட பாகம் எதுல உக்காரும்னு உங்க கணினிக்குத் தெரியுதே, அதுக்குத்தான் வர்றோம்" என்றாள். நீ எழுதிவைத்த குறிப்புகளைத்தான் சொல்கிறாள். அவை இருந்தால் யார்டு யார்டாகவே நடக்கும், ட்வேய்னும் மற்ற இரண்டு பேரும் வேலையில் இருப்பார்கள். இல்லையென்றால் ஜூன் முதல் தேதி ஃபார்கோவிலிருந்து நசுக்கும் இயந்திரம் வரும். நாற்பது வருஷம் சேர்த்தது கட்டி கட்டியாக ரயிலில் ஏறும். மே கடைசிவரைதான் ட்வீட்டன்கள் காத்திருப்பார்கள்.

நீ ஏற்பாடு செய்த காப்புப் பிரதி தினமும் கடை மூடும்போது இணையம் வழியே வெளியூர் வாடகைச் சேமிப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கருப்புத் திரையில் 'முடிந்தது' என்று ஒரு வரி காட்டும், நான் விளக்கை அணைப்பேன். டவுன்காரன் அதே மென்பொருளைப் புதுக் கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் திரும்ப எடுக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. வைக்கும்போது கேட்காத சொல்லை எடுக்கும்போது ஏன் கேட்கிறது? அதை அனுப்பு.

ஆர்டிஸ்

*

ஜனவரி 26

அக்கா,

மூடுபனி. இரண்டு வாரம் விமானம் வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

எடுக்கும்போது கேட்பது வேண்டுமென்றே வைத்ததுதான். கடையில் யார் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம், யாரும் எடுக்கவோ அழிக்கவோ முடியாது. அந்தச் சொல் மேற்கு வேலியோரம் நின்ற சிவப்பு அறுவடை இயந்திரத்தின் தகட்டு எண். நாம் இரண்டு பேரும் முதலில் பிரித்த இயந்திரம். மொத்தம் பதினோரு எழுத்து. முதல் நான்குதான் எனக்கு நினைவிருக்கிறது. அதை நீ விற்றிருந்தால் வேறு வழி இல்லை.

கட்டளையைத் தனித்தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன். கோடு என்றால் கோடு. இரட்டைக் கோட்டுக்கு நடுவில் இடைவெளி இல்லை, அதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. நீ அவசரப்பட்டு அடிப்பாய். அவசரப்படாதே.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும்தான் திரும்ப வரும். எல்லாவற்றையும் வைக்கலாம் என்று நான் சொன்னேன். "லாரியில ஏத்துறதுக்குத்தான் வாடகை. எது வேணுமோ அத மட்டும் ஏத்து" என்றாய். அதனால்தான் வரிக்கு ஒரு கோப்புறையின் பெயர் எழுதிய அந்தப் பட்டியல். மென்பொருள் அதை மட்டும்தான் நம்பும்.

யார்டை விற்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சம்பளக்காரன் கருத்துச் சொல்வது முறை இல்லை.

வெர்லின்

*

பிப்ரவரி 11

வெர்லின்,

சிவப்பு இயந்திரத்தை விற்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். மூன்று பேர் கேட்டார்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று அன்றைக்கு. இடுப்பளவு பனி. நான் கம்பை ஊன்றிக்கொண்டு வழி சொல்ல, ட்வேய்ன் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே போனான். தகடு ஏணிக்குப் பின்னால் இருக்கும் என்றேன். இல்லை. தானியப் பெட்டிக்கு அடியில் என்றேன். அங்கேயும் இல்லை. "உங்க தம்பிக்கு நாய் பேர வைக்கத் தெரியாதா? ஊர்ல எல்லாரும் அதத்தான வைக்கிறாங்க" என்றான். கடைசியில் என்ஜின் பக்கத்தில் கிடைத்தது. பனிக்கட்டியை வெல்டிங் சுடரால் உருக்கினோம். எட்டா மூன்றா என்று தெரியாத ஒரு எழுத்து. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். மூன்று.

கட்டளையை ஐந்து தடவை அடித்தேன். முதல் நான்கில் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. நீ சொன்ன அந்த இடைவெளிதான். உன்னைத் திட்டினேன், பிறகு விட்டேன்.

எல்லாம் வந்தது. வாடிக்கையாளர் முகவரி, புகைப்படங்கள், வருமான வரித்தாள், ட்வேய்ன் ஒளித்துவைத்திருந்த மான் வேட்டைப் படங்கள்கூட. அவனுக்கும் பட்டியலில் ஒரு வரி இருந்தது எனக்கே தெரியாது.

'வெர்லின்-குறிப்பு' கோப்புறை மட்டும் 2012 செப்டம்பர் 17ஆம் தேதிப் பிரதியில் இருக்கிறது. பதினெட்டில் இல்லை. அதற்குப் பிறகு எதிலுமே இல்லை. இந்த ஆறு வருஷமும் அந்த உறையை நாங்கள் தினமும் திறந்து எழுதியிருக்கிறோம், உனக்குத் தெரியாது. உன் மென்பொருள் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறது. என்ன என்று பார்த்துச் சொல்.

பழைய பிரதிகள் இவ்வளவு கிடப்பது எனக்குத் தெரிந்திருந்தால் சிக்கனத்துக்காக எப்போதோ அழித்திருப்பேன். அழிக்கவும் அந்த எண்ணைக் கேட்டிருக்கும் போல.

ஆர்டிஸ்

*

பிப்ரவரி 27

அக்கா,

மென்பொருள் கோட்டை விடாது. அதற்கு விருப்பு வெறுப்பு கிடையாது. கொடுத்த பட்டியலைச் செய்யும், அவ்வளவுதான்.

பட்டியலின் முதல் வரியில் இருப்பது பட்டியலின் பெயரேதான். அதாவது ஒவ்வொரு நாளும் அன்றைய பட்டியலையும் அது சேர்த்து வைத்திருக்கிறது. செப்டம்பர் 17ஆம் தேதிப் பட்டியலையும் 18ஆம் தேதிப் பட்டியலையும் எடு. அடுத்தடுத்து வைத்துப் பார். எடுக்கும் முறை தனித்தாளில் இருக்கிறது.

பதினேழாம் தேதிதான் நான் கிளம்பினேன். குறிப்புகளை எல்லா விவசாயிகளும் பார்க்கிற மாதிரி இணையத்தில் திறந்துவிடலாம் என்றேன். நீ ட்வேய்னுக்கு முன்னால் என்ன சொன்னாய் என்பது உனக்கும் நினைவிருக்கும். 'நீ பங்காளி இல்ல, சம்பளக்காரன். எழுதுனதுக்குச் சம்பளம் வாங்கிட்ட.'

நான் நினைப்பது சரியாக இருந்தால் நீ பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிடும். குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொள்கிற வேலையே இங்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

வெர்லின்

*

மார்ச் 15

வெர்லின்,

நான்தான்.

பதினெட்டாம் தேதி காலை வந்தேன். உன் காப்பிக் குவளை மேசைமேல், பாதி காப்பியோடு. அதைக் கழுவி வைத்தேன். பிறகு பட்டியலைத் திறந்து உன் பெயர் இருந்த வரியை அழித்தேன். குறிப்புகளை அழிக்கவில்லை, அவை இல்லாமல் எனக்கு வியாபாரம் இல்லை. காப்பாற்ற வேண்டியவற்றின் கணக்கிலிருந்து உன் பெயரை எடுத்தேன். ஏன் என்று கேட்காதே. கோபத்தில் கையில் அகப்பட்டது அதுதான். போன கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மென்பொருள்மேல் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் முழுசாகக் கேள். மூன்று பட்டியல்களை அச்செடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். பதினேழு, பதினெட்டு, அக்டோபர் ஒன்பது. அந்த மூன்றாவதின் கடைசி வரியைப் பார். அன்றைக்கு ஒருத்தன் ஒரு கியர் பெட்டி கேட்டு வந்தான். எங்கேயும் கிடைக்கவில்லை என்றான். உன் குறிப்பில் பார்த்தேன், வேறொரு பச்சை ட்ராக்டரின் பெட்டி இரண்டு துளை மாற்றிப் போட்டால் உட்காரும் என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்தது. அவன் போனதும் நானே அந்த வரியைத் திரும்ப எழுதினேன். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் நான் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வரி இருக்கிறது. ஆறு வருஷத்துப் பட்டியல்களையும் மாதத்துக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கடைசி வரி நீதான். பட்டியலில் பெயர் இருக்கிறது, பெட்டிக்குள் சரக்கு இல்லை. மூன்று வாரத்துக்கு நான் பொறுப்பு. மீதிக்கு இல்லை.

இந்த ஆறு வருஷமும் அதில் எழுதியது பெரும்பாலும் நான். உன் மாதிரி அழகாக வராது. ட்வேய்ன் கழற்றிக் கொண்டுவருவான், நான் அளந்து எழுதுவேன். மதியம் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவேன், விசைப்பலகையெல்லாம் ஹாட்டிஷ் கறி எண்ணெய். அதெல்லாம் எங்கே போனது?

கேரி போன வாரம் வந்திருந்தாள். "கிடைச்சிருமாம்மா?" என்றாள். பாதி கிடைத்திருக்கிறது என்றேன். "எந்தப் பாதி?" என்றாள்.

ஆர்டிஸ்

*

ஏப்ரல் 4

அக்கா,

உன் மூன்று தாள்களையும் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு ஆறு நாள் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. பெயர் சரி. உறை இருக்கும் இடம் சரி. வராமல் போகக் காரணமே இல்லை. நீ அக்டோபர் ஒன்பது என்று கதை கட்டுகிறாயோ என்றுகூட நினைத்தேன். அதற்கு மன்னித்துக்கொள்.

ஏழாம் நாள் விமானக்காரனிடம் சாமான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு என்னையறியாமல் அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன். உன்னிடம் படிந்த பழக்கம். "எதுக்குங்க அந்தக் கோடு?" என்று கேட்டான். எங்க அக்கா கையெழுத்துக்குக் கீழ இடம் விட மாட்டா, 1981ல ஒருத்தன் அவ கையெழுத்துக்கு அடியில 'கியர் பெட்டியும் சேர்த்து' என்று எழுதி ஒரு பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ட்டான் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த உன் மூன்றாவது தாளின் கடைசி வரியைப் பார்க்கப் போனேன்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அந்தக் கடைசி வரியை எழுதிய பிறகு என்டர் பொத்தானை அடித்தாயா? இல்லை, கீழே காலி வரி கிடக்கிறது என்று அதை அழித்தாயா?

அழித்திருப்பாய். நீ அழிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மென்பொருள்மேல் தப்பில்லை. பட்டியலை வரி வரியாகப் படித்து அதற்கு எடுத்துக் கொடுக்கிற ஒரு சின்ன நிரல் நடுவில் இருக்கிறது. அதை எழுதியது நான், ஒரு மதியத்தில். என்டர் அடித்திருந்தால்தான் ஒரு வரி முடிந்தது என்று அதற்குத் தெரியும். முடியாத வரியை அது வரியாகவே எண்ணாது. விட்டுவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும். நான் எப்போதும் கடைசியில் என்டர் அடிப்பவன், அதனால் எனக்கு ஒருநாளும் நேரவில்லை. அடிக்காதவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. அதுவும் உன்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு.

நடுவில் ஒரே ஒரு புது வரியை அதற்குக் கீழே சேர்த்திருந்தால்கூடப் போதும், அது தானாகச் சரியாகியிருக்கும். ஆறு வருஷத்தில் நீ எதையுமே சேர்க்கவில்லையா?

ஆக, நீ என் வரியை எடுத்தது மூன்று வாரம். நான் எடுத்தது ஆறு வருஷம்.

வெர்லின்

*

ஏப்ரல் 21

வெர்லின்,

அடிக்கவில்லை. கீழே ஒரு காலி வரி இருந்தது, அதையும் அழித்தேன். கைப்பழக்கம்.

புது வரிகள் சேர்த்தேன். நான்கு. நான்கையும் மேலே செருகினேன். முடித்த வரிக்குக் கீழே எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். உன் வரிக்குக் கீழே எதையும் வைக்க மனசு வரவில்லை என்பதும் உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்தது. யார் பொறுப்பு என்று பார்க்க உட்கார்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். உன் பதினோரு வருஷமும் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. என் ஆறு வருஷம்தான் இல்லை. நான் கோபத்தில் கழற்றிப் போட நினைத்தது உன்னுடையது, போனது என்னுடையது. இரண்டையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டு மறுநாள் கடையைத் திறப்பது அலுப்பாக இருந்தது. திறந்தேன்.

ட்வீட்டன்களிடம் உள்ளதை உள்ளபடி காட்டினேன். யோல் ஒரு மணி நேரம் திரையைப் படித்தான். கேரிதான் சொன்னாள்: "இது போதும்மா. மீதிய உங்களக் கேட்டுக்கிறோம், நீங்க என்ன ஓடியா போகப்போறீங்க, இந்த இடுப்ப வச்சுக்கிட்டு? ஆனா யாரு இந்த வெர்லின்? எல்லாப் பக்கத்துலயும் அவர் பேருதான் இருக்கு. இத விக்கிறதுல அவருக்குச் சம்மதமா?"

வக்கீல் இருந்தார். சம்பளத்துக்கு எழுதியவர் என்றால் எழுதியது முதலாளிக்குத்தான் சொந்தம், நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். பேனாவையும் நீட்டினார்.

"அவன் சம்பளக்காரன் இல்ல. பங்காளி" என்றேன்.

"எழுத்துல இருக்குதா மேடம்?"

"இல்ல. இப்ப எழுதுங்க."

ட்வேய்ன் கதவோரம் நின்றிருந்தான். வேண்டுமென்றுதான் அவனை நிற்கச் சொன்னேன். அன்றைக்கு அவன் முன்னால் சொன்ன சொல், எடுப்பதும் அவன் முன்னால்தான் எடுக்க வேண்டும். அவன் சொன்னது: "இது எனக்கு அப்பவே தெரியும் முதலாளியம்மா. உங்களுக்குத்தான் சேதி லேட்டா வருது."

வக்கீல் முனகிக்கொண்டே திருத்தி எழுதினார். இனி உன் கையெழுத்து இல்லாமல் இது செல்லாது. மே முப்பத்தொன்றுக்குள் காகிதம் திரும்பி வராவிட்டால் ட்வீட்டன்கள் வேறிடம் போய்விடுவார்கள், ஜூன் ஒன்று நசுக்கும் இயந்திரம் வரும். உங்கள் ஊர் மூடுபனியை நம்பி இப்படி ஒரு காரியம் செய்கிறேன். நாற்பது வருஷத்தில் இவ்வளவு மோசமான வியாபாரம் நான் செய்ததில்லை.

குறிப்புகளை ஊருக்கே திறந்துவிடுவது பற்றி: அதில் நான் மாறவில்லை. அப்போது சொன்னதுதான் இப்போதும். வாங்குகிறவர்கள் வேறு மாதிரி நினைத்தால் அவர்களோடு பேசிக்கொள், நான் குறுக்கே வர மாட்டேன்.

ஒப்பந்தம் இத்தோடு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆர்டிஸ்

*

மே 9

அக்கா,

உன் உறை இன்றுதான் வந்தது. விமானக்காரனை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து இதை எழுதுகிறேன். அவன் சமையலறையில் என் டின் சால்மன் மீனைச் சாப்பிட்டுக்கொண்டு, "இன்னும் முடியலையா? பனி இறங்குதுங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறான்.

மூன்று தடவை படித்தேன். பங்காளி என்ற சொல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வக்கீல் அதைப் பேனாவால் இடையில் செருகியிருக்கிறார், பக்கத்தில் உன் முதலெழுத்து.

நிரலைத் திருத்தி எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இனி என்டர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கடைசி வரியை எடுத்துக்கொள்ளும். ட்வீட்டன்களிடம் கொடு. போன ஆறு வருஷத்தில் உனக்கு எது நினைவிருக்கிறதோ அதை இப்போதே சொல்லத் தொடங்கு, ட்வேய்ன் எழுதட்டும். வரிசை வேண்டாம், நினைவு வந்தபடி. நான் பிறகு ஒழுங்குபடுத்துகிறேன். இங்கே ஜூன் பத்தாம் தேதி ஆட்கள் வந்துவிடுவார்கள், என் காவல் முடிகிறது. இடுப்புக்குத் தேதி வாங்கிவிட்டால் எழுது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே இரண்டு விரல் அகலம் மீதி இருந்தது. உன் முறைப்படி கோடு இழுத்து அடைத்துவிட்டேன்.

வெர்லின்